மேசைக்கு வந்த கத்தரி

பன்னிரண்டு ஏப்ரன். சாம்பல் நிறம், முன்னால் இரட்டைப் பை.
கூலியை எண்ணித் தந்த கொரியாக்காரி
உடைந்த பர்மியில் சொன்னாள்:
சனிக்கிழமை கடைக்கு வா. பிள்ளையையும் கூட்டி வா. காசு வேண்டாம்.

காசு வேண்டாம் என்றாலும்
ஐம்பதாயிரம் கியாட்டை ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

யான்கின் சந்தில் மாடிப்படி ஏறும்போதே
செண்பகவல்லி, பள்ளிக்கூடத்தில் சூ சூ,
கொரியா நாடகம் பார்த்தே வளர்ந்தவள்,
வாசலில் நின்ற காவல்காரனுக்குத் தலையைக் குனிந்து
'அன்யோங்' சொன்னாள்.
அவன் மொன்யுவாக்காரன். சிரித்துக்கொண்டான்.

உட்கார்ந்தோம். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை,
கிண்ணங்கள் வரத் தொடங்கின.
முளைவிட்ட பயறு. எள்ளெண்ணெய் மணக்கும் கீரை.
சிவப்பில் முங்கிய முட்டைக்கோஸ்.
நெத்திலி, அதுவும் சர்க்கரைப் பாகில்!
ஏழு, எட்டு, ஒன்பது.
ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் விலை போட்டு
கணக்கு ஜாக்கெட்டைத் தாண்டியபோது
மேசைக்கடியில் காலை மிதித்தாள் மகள்:
இதெல்லாம் சும்மா தர்றதும்மா. தீர்ந்தா இன்னும் தருவாங்க.

சோறு மட்டும் எவர்சில்வர் கிண்ணத்தில், மூடி போட்டு.
அதைத் திறந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கரி அடுப்பு வந்தது.
அதன் மேல் யானைத் துதிக்கையாய்த் தொங்கும் புகைக்குழாய்.
மாடு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தோம்;
பன்றியின் வயிற்றுக்கறி,
வெள்ளை, சிவப்பு, வெள்ளை, கரை போட்ட துண்டு மாதிரி.
அதோடு தட்டில்
ஒரு கத்தரி.

என் கத்தரி துணிக்கு மட்டும்.
அதில் பால் பாக்கெட் வெட்டிய குற்றத்துக்கு
வீட்டுக்காரர் மூன்று நாள் பேச்சு வாங்கினார்.
இங்கே கறியை வெட்டுகிறார்கள். முட்டைக்கோஸை வெட்டுகிறார்கள்.
பக்கத்து மேசையில் நூடுல்ஸைக்கூட.

பரிமாறும் பையன் வெட்டியது பார்க்கப் பொறுக்கவில்லை.
கொடு என்று வாங்கினேன்.
ஆணி கொஞ்சம் தளர்வு, ஆனாலும் நல்ல இரும்பு.
இழை ஓடும் திசையில் நேராக,
தையலுக்கு விடுவது போல விரலளவு விட்டு

இல்லை இல்லை என்று சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் அவள்.
என் கைமேல் கை வைத்துக்
கத்தரியைக் குறுக்கே திருப்பினாள்.
துணிக்கு இழையோடு போக வேண்டும், கறிக்கு இழையை அறுக்க வேண்டும்.
இவ்வளவும் சொல்ல அவளிடம் பர்மி இல்லை;
பல்லைக் காட்டினாள், புரிந்தது.

நீ இங்கே வந்து எத்தனை வருஷம், என்றாள் பிறகு.
நான் தமொயேயில் பிறந்தவள். அப்பாவும்.
என் முகத்தைப் பார்த்தாள்.
எனக்குப் பதினொன்று, என்றாள்.
இதே கேள்வியை வார்டு ஆபீஸில் கேட்டால் வயிறு எரியும்.
இவள் கேட்டபோது எரியவில்லை. ஏனென்று தெரியவில்லை.

அப்போதுதான் கரண்ட் போனது.
துதிக்கை மூச்சை நிறுத்த, புகை முழுக்க எங்கள்மேல்.
மேசைக்கு மேசை கரி சிவந்திருக்க
முகங்கள் இல்லை, வாய்கள் மட்டும்.
ஜெனரேட்டர் உறுமுவதற்குள்
மகள் இலையில் கறியும் பூண்டும் வைத்து
வெற்றிலை போல மடித்து
இருட்டில் என் வாயைத் தேடித் திணித்தாள்.
கடிக்கக் கூடாதாம், முழுசாய்ப் போக வேண்டுமாம்.
துளசியுமில்லை ஓமமுமில்லை, அந்த இலைக்கு வேறொரு வாசனை.
காரம் ஒன்றும் பெரிசில்லை.
இனிப்பு எதற்கு என்றுதான் விளங்கவில்லை.

விளக்கு வந்ததும் பார்க்கிறேன்.
கண்ணைத் துடைத்தபடி நிற்கிறவளின் ஏப்ரனில்
வலது பை ஓரம் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது.
என் வேலை. என் மானம்.

எழுந்து போய்
கொழுப்பு சொட்டும் அந்தக் கத்தரியாலேயே
வெட்டினேன்.